எந்தச் சுவருக்கு எந்த ஷீன்? ஏற்காட்டு வீட்டை வைத்து ஒரு பெயிண்ட் பட்ஜெட் பாடம்



எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுற இடத்துல பெயிண்ட் பற்றி எதுக்கு ஒரு பாடம்னு கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் போனஸ் சேர்ந்ததும், நம்மில் பலர் செய்யுற முதல் பெரிய வீட்டுச் செலவு இதுதான்: அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறது. முப்பதாயிரம், ஐம்பதாயிரம் போகும். அதே தொகைக்கு ஒரு போன் வாங்கணும்னா பத்து வீடியோ பார்ப்போம். பெயிண்டுக்கு மட்டும் கலர் கார்டைப் புரட்டிட்டு, "நல்லதாப் போட்டுடுங்க அண்ணே"ன்னு சொல்லிட்டு வந்துடுவோம்.

கலர் பிடிக்கலைன்னா கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். ஷீன் தப்பாப் போனா ரெண்டு வருஷத்துல திரும்பக் கூலி கொடுக்கணும். அதனால இன்னைக்குப் பாடம் மூணு விஷயம்: ஷீன் என்றால் என்ன, வீட்டில் எந்தப் பரப்புக்கு எது பொருந்தும், இதை லிட்டர் விலையை வைத்துப் பார்க்காமல் வருஷச் செலவாக எப்படிக் கணக்குப் போடுவது.

உதாரணத்துக்கு ஏற்காட்டை எடுத்துக்கிறேன். சேலத்திலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கிட்டு, சேர்வராயன் மலையில் சொந்த வீடு இருக்கிறவங்க நம்ம வாசகர்களில் இருப்பீங்க. அது மட்டும் காரணம் இல்லை. மலை வீட்டில் பெயிண்ட் தப்பு சீக்கிரம் வெளியே தெரிஞ்சிடும். அங்கே சரியா வர்ற முடிவு சமவெளியிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஷீன் என்றால் என்ன?

காய்ந்த பெயிண்ட் மேல் விழுகிற வெளிச்சம் எவ்வளவு திரும்பி வருதுங்கிறதுதான் ஷீன். இதை அளக்க கிளாஸ் மீட்டர்னு ஒரு கருவி உண்டு. 60 டிகிரி கோணத்தில் ஒளியை அடிச்சு, திரும்பி வர்றதை அளக்கும். மெருகேற்றிய கருப்புக் கண்ணாடியை 100 என்று வைத்து எண் கொடுப்பாங்க. தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

- மேட்: 10-க்குக் கீழே. பளபளப்பே இருக்காது.
- எக்‌ஷெல்: 10 முதல் 25 வரை. முட்டை ஓடு மாதிரி லேசான மெருகு.
- சாட்டின்: 20 முதல் 35 வரை. நம்ம ஊர் கடைகளில் "சாஃப்ட் ஷீன்" என்றும் சொல்வாங்க.
- செமி கிளாஸ்: 35 முதல் 70 வரை.
- கிளாஸ்: 70-க்கு மேல். கதவு, கிரில்லுக்கு அடிக்கிற எனாமல் பெரும்பாலும் இதுதான்.

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ஒருத்தர் "ஷீன்" என்று சொல்றதை இன்னொருத்தர் "சாட்டின்" என்பார். அதனால பெயரை நம்பாமல், கடையில் இருக்கிற அடிச்சுக் காட்டிய மாதிரி அட்டையை ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருது? பெயிண்டில் கலர் தூளும் நிரப்புப் பொடியும் இருக்கு. அவற்றைப் பிடிச்சு வைக்கிற பிசின் இருக்கு. பொடி அதிகமா இருந்தா மேற்பரப்பு சொரசொரப்பா இருக்கும், வெளிச்சம் சிதறும். அதுதான் மேட். பிசின் அதிகமா இருந்தா வழவழப்பான படலம் வரும், வெளிச்சம் நேராகத் திரும்பும். அதுதான் கிளாஸ்.

இதிலிருந்து மூணு விளைவுகளை ஞாபகம் வச்சுக்குங்க:

1. ஷீன் ஏற ஏற, கறையைத் துடைக்கிறது சுலபம்.
2. ஷீன் ஏற ஏற, சுவரின் மேடு பள்ளம், பழைய ஒட்டுவேலை எல்லாம் தெளிவாத் தெரியும்.
3. ஷீன் ஏற ஏற, படலம் இறுக்கமாகும். சுவருக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போவது கஷ்டமாகும்.

மூணாவதுதான் மலை வீட்டில் பணத்தைத் தின்கிற விஷயம்.

ஷீன் வேற, கிரேடு வேற

இங்கே நிறைய பேர் குழம்புவாங்க. "பளபளப்பா இருக்கிறது காஸ்ட்லி, அதனால அதுதான் தரம்"னு நினைக்கிறது தப்பு. டிஸ்டெம்பர், எகானமி எமல்ஷன், பிரீமியம் எமல்ஷன், லக்ஷரி எமல்ஷன் என்பது கிரேடு. மேட், சாட்டின், கிளாஸ் என்பது ஷீன். ரெண்டும் தனித்தனி. லக்ஷரி கிரேடிலேயே மேட் கிடைக்கும், அதைத் துடைக்கவும் முடியும். மலிவான கிரேடில் லேசான ஷீனும் கிடைக்கும், ஆனா ஈரத்துணியால் நாலு தடவை தேய்ச்சா கலர் துணியோட வரும்.

அதனால கடையில் ரெண்டு தனிக் கேள்வி கேளுங்க. ஒண்ணு: "இது எந்த ஷீன்?" ரெண்டாவது: "இதைத் துடைக்கலாமா, தேய்ச்சுக் கழுவலாமா?"

ஏன் ஏற்காடு?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. அந்த ஒரு மணி நேரப் பயணத்திலேயே ஸ்வெட்டர் தேடுற குளிர் வந்துடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ரெண்டுமே மலையைத் தொடும். மழை சேலத்தைவிட நல்லாவே அதிகம். மழை இல்லாத நாளிலும் மூடுபனி ஜன்னல் வழியா உள்ளே வரும்.

வீட்டுக்கு இது என்ன பண்ணும்?

- ஓதம். சரிவை வெட்டித்தான் மலையில் வீடு கட்டுவாங்க. அதனால மேட்டுப் பக்கத்துச் சுவர் பல வீடுகளில் மண்ணை ஒட்டியே இருக்கும். மழைக்காலத்தில் அந்த மண் முழுக்கத் தண்ணி. அது சுவர் வழியா உள்ளே வரும்.
- பூஞ்சை. காற்றோட்டம் இல்லாத மூலை, பீரோவுக்குப் பின்னால், பாத்ரூம் கூரை எல்லாம் கருப்புப் புள்ளியாப் பூத்திருக்கும்.
- பாசி. வெயில் படாத வடக்குப் பக்க வெளிச்சுவர், கைப்பிடிச்சுவர், சன்ஷேடுக்கு அடியில் பச்சையாப் படரும்.
- மரம் உப்புறது. ஜூலையில் கதவு சாத்த வராது. மார்ச்சில் அதே கதவில் இடுக்கு தெரியும்.
- பழைய சுவர். காபித் தோட்டக் காலத்துப் பங்களாவும் பழைய ஓட்டு வீடும் சுண்ணாம்புப் பூச்சில் கட்டினவை. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயில் நாளில் வெளியே விட்டுப் பழகினது. அதன் மேல இறுக்கமான பளபளப்புப் படலத்தைப் போட்டா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். கொஞ்ச நாளில் கொப்புளம் வரும், அப்புறம் தோல் மாதிரி உரியும்.

முதல் வேலை: ஓதச் சோதனை

ஓதம் இருக்கிற சுவருக்கு எந்த ஷீனும் மருந்து இல்லை. முதலில் ஒரு சின்னச் சோதனை பண்ணுங்க. செலவு ஒரு பாலிதீன் ஷீட்டும் டேப்பும்தான்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீனை சந்தேகமான சுவரில் வச்சு, நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டுங்க. ஒரு நாள் முழுக்க விடுங்க. மறுநாள் ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவர் பக்கம் நீர்த்துளி இருந்தா, ஈரம் சுவருக்குள்ளேயிருந்து வருது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம்னா அது அறைக் காற்றின் ஈரம்.

முதல் வகைன்னா, பெயிண்ட் பட்ஜெட்டை நிறுத்திட்டு அந்தப் பணத்தை வெளிப்பக்கம் செலவு பண்ணுங்க. மேட்டுப் பக்கம் தண்ணி தேங்காம வாய்க்கால் எடுக்கிறது, மொட்டை மாடி விரிசலை அடைக்கிறது, மழைநீர்க் குழாயைச் சரி பண்றது. ரெண்டாவது வகைன்னா, எக்ஸாஸ்ட் ஃபேனும் தினமும் ஜன்னல் திறக்கிற பழக்கமும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

பூஞ்சை இருக்கிற இடத்தை அப்படியே மூடி அடிக்கக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நல்லாக் காயவிட்ட பிறகுதான் பிரைமர். கையுறை போட்டுக்குங்க. ப்ளீச்சிங் கரைசலோட ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீங்க, விஷவாயு வரும்.

பரப்பு வாரியாக: எங்கே எது?

கூரை (சீலிங்): மேட். யோசிக்கவே வேண்டாம். கூரையைக் கை தொடாது, துடைக்கவும் போறதில்லை. அதே நேரம், டியூப் லைட் வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்கிறதால சின்ன மேடு பள்ளம்கூட ஷீனில் தெரியும். எகானமி கிரேடே போதும். விதிவிலக்கு பாத்ரூம், சமையலறைக் கூரை. அங்கே நீராவி போய் ஒட்டும், அதனால பூஞ்சை எதிர்ப்பு உள்ள சாட்டின்.

ஹால், படுக்கையறை: மேட் அல்லது எக்‌ஷெல். முடிவு பண்ண ஒரு வழி இருக்கு. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, போன் டார்ச்சைச் சுவரோட ஒட்டிப் படுக்க வச்ச மாதிரி பிடிங்க. சுவரில் அலை அலையா நிழல் விழுந்தா மேட்தான். நிழல் இல்லாம சமமா இருந்தா எக்‌ஷெல் தாராளமாப் போடலாம். நிழல் விழுகிற சுவருக்கு ஷீன் வேணும்னா முழுச் சுவருக்கும் பட்டி பார்க்கணும். அது தனிச் செலவு.

நடை, மாடிப்படி, குழந்தைகள் அறை, ஸ்விட்ச் போர்டு சுற்றி: சாட்டின். வீட்டிலேயே அதிகம் கை படுற இடங்கள் இவை. பை உரசும், ஈரக்குடை சாயும், க்ரேயான் கோடு விழும். சீசனுக்கு ரூம் வாடகைக்கு விடுற வீடுன்னா டிராலி பேக் உரசலும் சேரும். இங்கே மட்டும் நல்ல கிரேடுக்குப் பணம் கொடுங்க.

பூஜை அறை: விளக்குப் புகை, சாம்பிராணி, எண்ணெய்க் கை. அதுக்கும் சாட்டின்தான்.

சமையலறை: டைல்ஸுக்கு மேலே இருக்கிற சுவருக்கு சாட்டின் அல்லது செமி கிளாஸ். நம்ம சமையலில் தாளிப்பு தினமும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு மேட் சுவரில் ஊறிடும். செமி கிளாஸில் சோப்புத் தண்ணியால் துடைச்சா போயிடும்.

பாத்ரூம்: டைல்ஸுக்கு மேலே பூஞ்சை எதிர்ப்பு உள்ள செமி கிளாஸ். ஆனா அந்தச் சுவர் மேட்டுப் பக்கத்து மண்ணை ஒட்டினதா இருந்தா, மேலே சொன்ன ஓதச் சோதனை முடிஞ்ச பிறகுதான்.

மண்ணை ஒட்டிய சுவர், பழைய சுண்ணாம்புச் சுவர்: மேட், அல்லது சுண்ணாம்பே. சுண்ணாம்பு அடிக்கிறது கேவலம் இல்லை. வருஷா வருஷம் குறைஞ்ச செலவில் அடிச்சுக்கலாம், சுவரும் மூச்சு விடும். அதன் காரத்தன்மை பூஞ்சையையும் கொஞ்சம் தள்ளி வைக்கும். சுண்ணாம்புச் சுவர் மேல எமல்ஷன் போடணும்னா, உதிர்றதை முழுக்கச் சுரண்டி எடுக்காம போடாதீங்க. அடியில் இருக்கிற சுண்ணாம்புத் தூளோட சேர்ந்தே பெயிண்ட் கழண்டு வரும்.

கதவு, ஜன்னல், கிரில்: கிளாஸ் அல்லது சாட்டின் எனாமல். கம்பிக்கு கிளாஸ் நல்லது, தண்ணி தங்காம வழியும். ஆனா துருவைச் சுரண்டி, துரு எதிர்ப்பு பிரைமர் அடிச்ச பிறகுதான். மரக்கதவில் எல்லாரும் மறக்கிற இடம் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். ஈரம் ஏறுறதே அந்த வெட்டு முனையில்தான். கதவைக் கழற்றி அதையும் அடிக்கச் சொல்லுங்க. வெள்ளை நிறம்னா ஆயில் எனாமல் வெளிச்சம் குறைஞ்ச அறையில் நாளாக நாளாக மஞ்சளாகும். தண்ணீர் சார்ந்த எனாமல் அப்படி ஆகாது, வாசமும் குறைவு.

ஒரு பாதுகாப்பு விஷயம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாதுன்னு 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தைய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். பழைய ஜன்னலை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசி பறக்கும். நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்னைக்கு அந்தப் பக்கம் விடாதீங்க.

வெளிச்சுவர்: பாசி எதிர்ப்பு உள்ள எக்ஸ்டீரியர் எமல்ஷன், மேட் அல்லது லேசான ஷீன். உள்சுவர்ப் பெயிண்ட் மிச்சம் இருக்குன்னு வெளியே அடிக்காதீங்க, ஏற்காட்டு மழை ஒண்ணையே அது தாங்காது. பட்ஜெட் இடிச்சா முழுவதும் சுமாரான பெயிண்ட் போடுறதை விட, மழை அடிக்கிற பக்கமும் வடக்குப் பக்கமும் நல்ல கிரேடு, மத்ததுக்குச் சாதாரண கிரேடு.

படி, திண்ணை, சிமெண்ட் தரை: கிளாஸ் வேண்டவே வேண்டாம். மூடுபனி ஈரத்தில் வழுக்கும். தரைக்கென்று வர்ற வழுக்காத பெயிண்ட் போடுங்க, இல்லைன்னா பெயிண்டே இல்லாம விட்டுடுங்க. வயசானவங்க இருக்கிற வீட்டில் ஒரு எலும்பு முறிவு, பெயிண்ட் பட்ஜெட்டைப் போல பல மடங்கு.

இப்போ கணக்குக்கு வருவோம்

800 சதுர அடி வீடு. உள்ளே கூரை 800, சுவர் 2,000, ஆக மொத்தம் 2,800 சதுர அடின்னு வைத்துக்கொள்வோம். சுவரில் அதிகம் கை படுற பகுதி 700, மீதி 1,300. இது உதாரணக் கணக்கு. விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும், உங்க ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்க.

எடுத்துக்கிட்ட விலைகள்: எகானமி மேட் லிட்டர் 200 ரூபாய். நடுத்தர மேட் 300. லக்ஷரி சாட்டின் 550. ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி. கூலி சதுர அடிக்கு 9 ரூபாய், அதாவது மொத்தம் 25,200. பிரைமர் மூணு திட்டத்துக்கும் ஒண்ணுதான்னு விட்டுடலாம்.

திட்டம் 1: எல்லாமே எகானமி மேட்
24 லிட்டர் × 200 = 4,800. கூலியோட 30,000 ரூபாய். கை படுற 700 சதுர அடி ரெண்டு வருஷத்தில் அழுக்காகி, துடைக்க முடியாம திரும்ப அடிக்கிறீங்கன்னு வச்சுக்கலாம். ஒரு தடவைக்குக் கூலி 6,300, பெயிண்ட் 1,200, ஆக 7,500. ஆறு வருஷத்தில் ரெண்டு தடவை. மொத்தம் 45,000. வருஷத்துக்கு 7,500 ரூபாய்.

திட்டம் 2: எல்லாமே லக்ஷரி சாட்டின்
24 லிட்டர் × 550 = 13,200. கூலியோட 38,400. மேடு பள்ளம் தெரியாம இருக்க 1,300 சதுர அடிக்கு முழுப் பட்டி, சதுர அடிக்கு 6 ரூபாய்னா 7,800. மொத்தம் 46,200. ஆறு வருஷம் தாங்கினா வருஷத்துக்கு 7,700 ரூபாய்.

திட்டம் 3: பரப்புக்கு ஏற்ற மாதிரி
கூரைக்கு எகானமி மேட் 7 லிட்டர், 1,400. மத்த சுவருக்கு நடுத்தர மேட் 11 லிட்டர், 3,300. கை படுற சுவருக்கு லக்ஷரி சாட்டின் 6 லிட்டர், 3,300. பெயிண்ட் 8,000, கூலியோட 33,200. ஆறு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு சுமார் 5,530 ரூபாய்.

வருஷத்துக்கு ரெண்டாயிரம் வித்தியாசம் பெரிய தொகை இல்லைன்னு தோணலாம். ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. மூணு திட்டத்திலும் பெரிய செலவு கூலிதான். அதனால பெயிண்டில் லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சு, கூலியை ரெண்டாவது தடவை கொடுக்கிறது நஷ்டம். அடுத்தது, ஓதத்தைக் கவனிக்காம அடிச்சா மூணு திட்டமும் ஒரே மழைக்காலத்தில் வீண். அப்போ "வருஷச் செலவு" 33,000 ரூபாய்.

தீபாவளி போனஸும் ஏற்காட்டு மழையும்

பெரும்பாலான கம்பெனிகளில் போனஸ் தீபாவளியை ஒட்டி வரும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு தோணுறதும் அப்போதான். ஆனா அக்டோபர், நவம்பர் மலையில் மழை நேரம். சுவர் காயாது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் கொடுக்க வேண்டிய இடைவெளி இழுக்கும். பெயிண்டருக்கு நாள் கூலின்னா மழை நாளுக்கும் பணம் போகும்.

போகிக்கு முன்னாடி அடிக்கிற வழக்கமும் நமக்கு உண்டு. ஜனவரி முதல் பாதியில் ஏற்காட்டில் குளிரும் பனியும் இருக்கும். உள்வேலைக்குச் சமாளிக்கலாம். வெளிவேலைக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை திடீர்னு வரும், சீசன் கூட்டமும் இருக்கும். எந்த மாசம் ஆனாலும் காலை மூடுபனி விலகி சுவர் காய்ஞ்ச பிறகு ஆரம்பிச்சு, சாயங்காலப் பனி இறங்குறதுக்கு முன்னாடி முடிக்கச் சொல்லுங்க.

அப்போ போனஸ் பணத்தை என்ன பண்றது? மூணு நாலு மாசத்துக்கு ஒரு குறுகிய கால எஃப்.டி.யில் போடுங்க. வட்டி கொஞ்சம்தான், ஆனா பணம் வேற வழியில் கரையாம பத்திரமா இருக்கும். அந்த இடைவெளியில் மழைக்காலம் உங்களுக்கு இலவசமா ஒரு பரிசோதனையும் பண்ணிக் கொடுக்கும்: எந்தச் சுவரில் தண்ணி வருதுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கலாம்.

கிரெடிட் கார்டில் தேய்ச்சு, பில்லை முழுசாக் கட்டாம விடுறது மட்டும் வேண்டாம். மாசம் 3.5 சதவீத வட்டின்னா, 33,200 ரூபாய்க்கு ஒரு மாச வட்டியே சுமார் 1,160. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. சாட்டின் பெயிண்டுக்குக் கூடுதலாக் கொடுக்க யோசிச்ச பணம் ரெண்டு மாசத்தில் பேங்குக்குப் போயிடும்.

அடுத்த சுற்றுக்கு இப்பவே திட்டம் போடலாம். செலவு வருஷம் 6 சதவீதம் ஏறும்னு வச்சா, இன்னைக்கு 33,200 ஆறு வருஷம் கழிச்சு சுமார் 47,000. மாசம் 550 ரூபாய் ஆர்.டி. போட்டு 6.5 சதவீத வட்டி கிடைச்சா, 72 மாசத்தில் சுமார் 48,000 சேரும் (வரிக்கு முன்). வீட்டுப் பராமரிப்புன்னு தனிப் பெயர் கொடுத்து வையுங்க. எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்க வேண்டாம்.

வாடகை வீட்டில் இருக்கீங்களா?

- குடி போன அன்னைக்கே எல்லாச் சுவரையும் தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸில் "பெயிண்டிங் சார்ஜ்" பிடிக்கும் பேச்சு வந்தா இதுதான் உங்க ஆதாரம்.
- தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பில் வருது. நடைமுறையில் ஒப்பந்தத்தில் ஒரு மாச வாடகை பிடிப்போம்னு எழுதியிருப்பாங்க. கையெழுத்துக்கு முன்னாடி அந்த வரியைப் படிச்சுப் பேசுங்க.
- மேட் சுவரில் கறைன்னா அழுத்தித் தேய்க்காதீங்க. தேய்ச்ச இடம் மட்டும் பளபளன்னு தனியாத் தெரியும்.

வரியில் ஏதாவது கிடைக்குமா?

நீங்க குடியிருக்கிற சொந்த வீட்டைப் பழுது பார்க்க, புதுப்பிக்க கடன் வாங்கினா, அந்த வட்டிக்குப் பழைய வரி முறையில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வீடு உங்க பேரில் இருக்கணும். அப்பா பேரில் இருக்கிற வீட்டுக்கு உங்களுக்குக் கிடைக்காது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இது இல்லை. வாடகைக்கு விட்ட வீடுன்னா 30 சதவீதம் நிலையான கழிவு தானாகவே உண்டு. பெயிண்ட் பில்லைத் தனியாகக் காட்ட முடியாது, பெயிண்டே அடிக்கலைன்னாலும் அந்தக் கழிவு உண்டு. ஆக, வரிக்காகப் பெயிண்ட் கடன் வாங்குறதில் அர்த்தம் இல்லை.

கடையிலும் பெயிண்டரிடமும் கேட்க வேண்டியவை

- பெயிண்டரிடம் கொட்டேஷன் வாங்கும்போது கூலியையும் பொருளையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. எத்தனை கோட் பட்டி, எத்தனை கோட் பிரைமர், எத்தனை கோட் பெயிண்ட்னு இருக்கணும்.
- பல கம்பெனிகள் டப்பாவுக்குப் பெயிண்டருக்கு டோக்கன், பாயிண்ட் கொடுக்கும். அது அவங்க தொழில் வருமானம், தப்பு இல்லை. ஆனா "இதுதான் போடணும்"னு சொன்னா, அந்தப் பரப்புக்கு ஏன் அந்த ஷீன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நல்ல பெயிண்டர் சந்தோஷமா விளக்குவார்.
- கலர் கலந்த டப்பாவைக் கடையில் பொதுவா திரும்ப வாங்க மாட்டாங்க. சதுர அடியை அளந்துட்டுப் போங்க. சேலத்தில் வாங்கி ஏற்றிட்டுப் போற வீடுன்னா, குறைஞ்சு போன ஒரு லிட்டருக்காக 20 வளைவு மறுபடி இறங்கணும்.
- கலர் ஷேட் எண், ஷீன், கம்பெனிப் பெயர், தேதி நாலையும் டப்பா மூடியை போட்டோ எடுத்து வச்சுக்குங்க. மேட் சுவரில் சின்ன ஒட்டுவேலை பண்ணினா கலந்துடும். சாட்டின், கிளாஸில் ஒட்டுவேலை தனியாத் தெரியும். அங்கே மூலையிலிருந்து மூலை வரைக்கும் அந்த ஒரு சுவரை முழுசா அடிக்கணும்.
- புதுசாப் பூசின சிமெண்ட் சுவர்னா குறைஞ்சது 28 நாள் காயவிடுங்க. மலையில் அதுக்கும் மேல.

இந்த வாரம் செய்ய வேண்டிய மூணு வேலை

1. ஊருக்குப் போன் போட்டு, எந்தச் சுவரில் ஓதம், எங்கே பூஞ்சைன்னு கேட்டு ஒரு பட்டியல் போடுங்க. "நல்லாத்தான் இருக்கு கண்ணு"ன்னு சொல்வாங்க. போட்டோ அனுப்பச் சொல்லுங்க.
2. வீட்டுப் பரப்பை கூரை, கை படும் சுவர், மத்த சுவர், மரம்-இரும்பு, வெளிச்சுவர்னு அஞ்சாப் பிரிச்சு சதுர அடி எழுதுங்க.
3. மேலே இருக்கிற மூணு திட்டத்தையும் உங்க ஊர் விலையில் போட்டு, ஆறால் வகுத்துப் பாருங்க.

உங்க ஊர் கூலி சதுர அடிக்கு எவ்வளவு, எந்தச் சுவர் உங்களைப் படுத்துதுன்னு கமெண்ட்டில் எழுதுங்க. ஊர் பெயரையும் சேர்த்து எழுதினா, அதே ஊரில் பெயிண்ட் அடிக்கப் போற இன்னொருத்தருக்கு அந்த எண் உதவும். அடுத்த வீடியோவில் மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங் செலவை இதே மாதிரி வருஷக் கணக்கில் பார்ப்போம்.